மரத்துக்கு ஓர் ஆள்

திருச்சிராப்பள்ளி என்றவுடன் வெளியூர்க்காரர்களின் மனக்கண்ணில் தோன்றுவது காவிரியும் கொள்ளிடமும், அவ்விரண்டுக்கும் நடுவே தென்னையும் வாழையும் அடர்ந்து கிடக்கும் ஸ்ரீரங்கத் தீவும், மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் கண்ணுக்கெட்டிய மட்டும் விரியும் பசுமையுமேயாகும். அந்தக் காட்சி மெய்தான். ஆயினும் அது பாதித் திருச்சி. அதே உச்சியில் நின்று தெற்கே திரும்பிப் பார்ப்பவருக்குத் தெரிவது வேறொரு பிரதேசம். காஜாமலை, பொன்மலை என்று ஆங்காங்கே தலைதூக்கி நிற்கும் பாறைக் குன்றுகளும், செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலமும், ஆற்றுப் பாய்ச்சலை அறியாமல் வானத்தையே நம்பியிருக்கும் வறண்ட பூமியும் அங்கே தெரியும். ராஜராஜ சோழன் காலத்தது என்று வழங்கப்படும் உய்யக்கொண்டான் வாய்க்கால், பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரத்தின் ஊடே வளைந்தோடி, வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது. அந்த வாய்க்காலுக்குத் தெற்கே, விமான நிலையத்தை நோக்கித் தரை மெல்ல மெல்ல உயர்ந்து போகும் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கே.கே. நகர்.

நான் அங்கே குடியேறிய காலத்தில் வீடுகள் பெருகிவிட்டனவே தவிர நிழல் பெருகியிருக்கவில்லை. உழவர் சந்தைக்குப் போய்த் திரும்பும் ஸ்திரீகள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு வீட்டுச் சுவரின் நிழலிலிருந்து அடுத்த வீட்டுச் சுவரின் நிழலுக்கு எட்டு வைத்து நடப்பார்கள். சித்திரை வைகாசி மாதங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தார்ச் சாலையில் நடப்பதென்பது ஒரு தபசு. பொன்மலை ரயில்வே காலனிக்கு ஒரு காரியமாகப் போய், அங்கே சாலையின் இரு மருங்கும் கிளை கோத்து நிற்கும் பெருமரங்களின் கீழே சைக்கிளை மிதித்துவிட்டு, மீண்டும் எங்கள் தெருவில் வந்து இறங்கினால், ஒரே ஊரின் இரண்டு பேட்டைகளுக்கு இடையே இத்தனை வித்தியாசம் இருக்கக்கூடுமா என்ற வியப்பு ஒவ்வொரு முறையும் உண்டாகும். 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனையைப் பொன்மலைக்கு மாற்றியவர்கள் தொழிற்சாலையோடு நிழலையும் சேர்த்தே திட்டமிட்டிருந்தார்கள். மனை பிரித்து விற்ற பிற்காலத்தவர்களுக்கு அந்த எண்ணம் தோன்றவில்லை.

ஆனால் சட்டத்துக்குத் தோன்றியிருந்தது. பெரிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி வழங்கும்போது, நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்குமாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு ஒப்படைக்கவேண்டும் என்பது நகரமைப்பு விதி. அவ்வாறு ஒதுக்கப்பட்டு, வரைபடத்தில் மட்டும் பச்சை நிறம் தீட்டப்பட்டு, பிரத்தியட்சத்தில் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடும் நிரம்பிக் கிடந்த ஒரு துண்டு நிலம் எங்கள் தெருமுனையில் இருந்தது. குடியிருப்போரில் சிலர் சேர்ந்து, மாநகராட்சியிடம் மனு எழுதிக் கொடுத்து, அனுமதி பெற்று, ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு அங்கே கூடத் தொடங்கினார்கள். அடுத்த வீட்டு அம்மாள் ஒருநாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றபடியே, “நீங்களும் வாங்க சார், சும்மா பேப்பர்தானே படிச்சுக்கிட்டிருக்கீங்க” என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையில் நான் அந்தக் குழுவில் சேர்ந்தேன்.

குழு என்று சொல்வதற்கு அப்போது அதற்குப் பெயரும் கிடையாது, பதிவும் கிடையாது. பொன்மலைப் பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், இரண்டு பள்ளி ஆசிரியைகள், மருந்துக்கடை வைத்திருந்த ஒரு வாலிபர், ஆயுதப்படைக் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு தலைமைக் காவலர், விடுமுறைக்கு வந்தால் தவறாமல் வந்து நிற்கும் சில கல்லூரிப் பெண்கள், இவர்களே அதன் நிலையான அங்கத்தினர்கள். மற்றவர்கள் உற்சாகத்துக்கேற்ப வந்தார்கள், போனார்கள். ஃபோர்மேனை எல்லோரும் ‘பெரியவர்’ என்றே அழைத்தோம். அவர் அதிகம் பேசமாட்டார்; ஆனால் எந்த வேலையையும் அதற்குரிய கிரமத்தில் செய்யவேண்டும் என்ற பிடிவாதம் அவருடைய ரத்தத்தில் ஊறியிருந்தது.

அந்த நிலத்தைத் துப்புரவு செய்ததைப் பற்றி ஒரு வார்த்தையேனும் எழுதாமல் போக மனம் வரவில்லை. மேலோடு பார்த்தால் முள்ளும் குப்பையும். ஒரு முழம் தோண்டினால் உடைந்த ஓடு, மொசைக் கல், கம்பித் துண்டு, மதுப்புட்டியின் சில்லு, இறுகிப் பாறையாகிவிட்ட சிமெண்டு மூட்டை. அதற்கும் கீழே போனால்தான் மண், அந்த மண்ணும் கடப்பாரையின் முனை பட்டால் ‘ணங்’ என்று ஓசை எழுப்பும் சரளை. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் என்று குழி எடுக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. பெரியவரோ எங்கள் நிலத்துக்கு மூன்றடி வேண்டுமென்றார். முந்தின நாள் மாலை குழியில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் காலை ஒரு சாண் தோண்டி, மறுபடியும் ஊற்றி ஊறவிட்டு, இப்படியாக ஒரு குழி முடிய ஒரு வாரமாகும். எடுத்த சரளையை அப்புறப்படுத்திவிட்டு, செம்மண், ஆற்று வண்டல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்பினோம். எருவுக்காக உழவர் சந்தைக்குப் போய், கடை கட்டும் நேரத்தில் உழவர்கள் ஒதுக்கிவிட்டுப் போகும் முட்டைகோஸ் இலையையும் முள்ளங்கித் தழையையும் வாழை மட்டையையும் சாக்கில் அள்ளிவந்து, நிலத்தின் ஒரு மூலையில் குழி வெட்டி, சாணக் கரைசல் தெளித்து, மேலே மண் மூடி வைப்போம். பின்னாளில் மாநகராட்சியே காய்கறிக் கழிவைக் கொண்டு உரம் தயாரிக்கும் சிறு மையங்களை நகரின் பல பகுதிகளில் அமைத்துவிட்டதால் அந்தச் சிரமம் குறைந்தது. ஆனாலும் எங்கள் மூலைக் குழியை நாங்கள் மூடவில்லை.

எந்த மரம் நடுவது என்பதில் எங்களுக்குள் பலத்த அபிப்பிராய பேதம் உண்டாயிற்று. ஆசிரியைகளில் ஒருவருக்குச் சாலையெங்கும் செந்நிறப் பூச்சொரியும் மயிற்கொன்றை வேண்டும். அது மூன்று நான்கு வருஷத்தில் வளர்ந்து பலன் காட்டும். மருந்துக்கடை வாலிபர் தூங்குமூஞ்சி வேண்டுமென்றார். அதன் குடை அகலத்துக்கு ஈடு வேறெதுவுமில்லை. பெரியவர் மட்டும், “இந்த மண்ணுல ஏற்கெனவே எது தன்னால முளைச்சு நிக்குதுன்னு பாருங்கம்மா, அதை வைங்க” என்றார். காஜாமலையின் சரிவிலும், ஏரிக்கரைகளிலும், பழைய அய்யனார் கோயில் வாசல்களிலும் தன்னால் நிற்பவை வேம்பும் புங்கனும் இலுப்பையும் நாவலும் பூவரசும். அவற்றில் புங்கனுக்கு ஒரு விசேஷம் உண்டு. பங்குனி வாக்கில் இலையை உதிர்த்துவிட்டு, கத்தரி வெயில் தொடங்குமுன் புதுத் தளிரால் முழுமையாக மூடிக்கொண்டுவிடும். மனிதனுக்கு நிழல் எப்போது மிகவும் வேண்டுமோ அப்போது அதனிடம் நிழல் மிகவும் இருக்கும். முடிவில் பெரியவரின் பட்டியலே பெரும்பாலும் நிலைத்தது. மின்கம்பி போகும் பக்கத்தில் உயராத மந்தாரையும் பவளமல்லியும், கம்பியில்லாத எதிர்ப்பக்கத்தில் புங்கனும் வேம்பும், பூங்காவின் உட்புறத்தில் நாவலும் மகிழமும் இலுப்பையும் என்று பங்கிட்டுக்கொண்டோம். ஆசிரியை கேட்டதற்காக ஒரே ஒரு மயிற்கொன்றையும் நட்டோம்.

நாவலை நடும்போது பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே குழியில் இறங்கினார். திருவானைக்காவில் வெண்ணாவல் மரமே ஸ்தலவிருட்சம் என்பதும், அந்த மரத்தால் அத்தலத்துக்கு ஜம்புகேசுவரம் என்று பெயர் வந்ததும் திருச்சிக்காரர் அனைவரும் அறிந்தவை. அந்தப் பக்திதான் அவரைக் குழியில் இறக்கிற்று என்று நினைக்கிறேன்.

நடுவது வரைக்கும் எல்லாம் சந்தோஷம். ஓர் ஆடி மாதத்தில், பிரமுகர்கள் வந்து, படம் எடுத்து, இனிப்பு வழங்கி, வைபவம் இனிதே நிறைவேறியது. அடுத்த வாரமே ஆடுகள் வந்தன. அதற்கடுத்த வாரம் ஆடிக்காற்று வந்தது. மேற்கே பாலக்காட்டுக் கணவாயின் திசையிலிருந்து காவிரிப் படுகை வழியாக இறங்கி வரும் அந்தக் காற்றில், இளங்கன்றுகள் தூரோடு ஆடி, வேர் பிடிக்குமுன் தளர்ந்துவிடும். கூண்டு வாங்கப் பணம் போதாது. பெரியவர் பழைய இரும்புக்கடையிலிருந்து கம்பி வாங்கி, தம் வீட்டு வாசலில் பட்டறை போட்டு, தாமே வளைத்து, பற்றவைத்து, கூண்டுகள் செய்தார். கூண்டு போதாத இடத்தில் கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் கட்டினோம். இவ்வளவு செய்தும், பிரமுகர்கள் நட்ட கன்றுகளில் பாதிக்குமேல் மறுகோடைக்குள் பட்டுப்போயின.

ஆனால் பட்டுப்போகாதவை எவை என்று ஒருநாள் பெரியவர் என்னை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து காட்டியபோதுதான், இத்தனை நாளாக எங்கள் கண்ணெதிரில் இருந்தும் நாங்கள் கவனியாத ஒரு விஷயம் எனக்கு விளங்கிற்று. இஸ்திரி போடுபவரின் தள்ளுவண்டிக்கு அருகில் நட்ட புங்கன் ஆளுயரம் தாண்டியிருந்தது. ஆட்டோ நிறுத்தத்தில் நட்ட வேம்பு செழித்திருந்தது. பூக்கட்டி விற்கும் அம்மாளின் பலகைக்குப் பின்னால் இருந்த பூவரசு தளதளவென்று நின்றது. இளநீர்க் கடையின் பக்கத்திலிருந்த கன்றைச் சுற்றி, இளநீர்க் கூடுகளைக் கவிழ்த்து வட்டமாக அடுக்கி, ஈரம் ஓடாமல் யாரோ பாதுகாத்திருந்தார்கள். மாறாக, பெரிய வீடுகளின் உயர்ந்த மதிலோரத்தில், காரில் ஏறி இறங்குவதைத் தவிர வாசலில் ஒரு கணமும் நில்லாதவர்களுக்கு முன்னால் நடப்பட்டவை, கூண்டு மட்டும் மிஞ்சி நின்றன.

இஸ்திரி வண்டிக்காரரிடம் பெரியவர் விசாரித்தார். “நீங்கதான் தண்ணி ஊத்துறீங்களா அண்ணே?” என்று இவர் கேட்க, அவர் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “துணிக்குத் தெளிக்கிற தண்ணி மிச்சம் ஆவும்ங்க, அதை ஊத்துவேன். பத்து வருஷம் வெயில்ல நிக்கிறவனுக்கு அது வளந்தா நல்லதுதானே?” என்றார். மரத்தின் பலன் இவருக்கே முதலில் கிடைக்கும். நாள் முழுவதும் அதன் பக்கத்தில் நிற்பவரும் இவரே. ஆடு வந்தால் கையை ஓங்குபவரும் இவரே. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். மரத்துக்கோ வாரத்தில் ஏழு நாளும் தாகம் எடுக்கும்.

அன்று முதல் எங்கள் குழுவின் முறை மாறியது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வரி எழுதி, மரத்தின் பெயர், இடம், நட்ட மாதம் ஆகியவற்றுக்குப் பின் ‘பொறுப்பு’ என்று ஒரு கட்டம் போட்டோம். அந்தக் கட்டத்தில் பெயர் எழுத ஆள் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் குழியே வெட்டுவதில்லை என்று தீர்மானித்தோம். முதலில் ஆளைத் தேடி, பிறகு அவர் நிற்கும் இடத்தில் மரத்தை வைப்பது; இதுவே எங்கள் விதி. கல்லூரிப் பெண்கள் வீடுவீடாகப் போய், “மாமி, உங்க வாசல்ல ஒரு கன்னு வைக்கலாமா? அரிசி கழுவின தண்ணி ஊத்துனாப் போதும்” என்று கேட்பார்கள். மறுத்தவர்கள் சிலர், இலை உதிர்ந்து வாசல் குப்பையாகும் என்றவர்கள் பலர், “எனக்கு நாவக்கன்னு வேணும்டி, எங்க ஊர்ல இருந்துச்சு” என்று கண் கலங்கிய ஒரு பாட்டியும் உண்டு. சம்மதித்தவர்களின் பெயர்களையெல்லாம் நோட்டில் எழுதியபோது, ஸ்ரீரங்கத்து நந்தவனங்களின் ஞாபகம் எனக்கு அடிக்கடி வரும்.

ஏனெனில் இந்த ஊருக்கு அந்தத் தர்மம் புதிதன்று. தொண்டரடிப்பொடியாழ்வார் ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் அமைத்து, அரங்கனுக்குப் பூமாலை கட்டிக் கொடுப்பதையே வாழ்நாள் கைங்கரியமாகக் கொண்டவர். இன்றும் அவருடைய திருவுருவத்தின் தோளில் பூக்குடலை தொங்குகிறது. அவருக்குப் பின் பல நூற்றாண்டு கழித்து, திருமலையில் புஷ்ப கைங்கரியம் செய்யப் போகிறவர் யார் என்று ராமாநுஜர் தம் சீடர்களிடம் கேட்டபோது, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சி மற்றவர்கள் மௌனமாயிருக்க, ஒருவர் மட்டும் எழுந்தார் என்பதும், அவரே அனந்தாழ்வான் என்பதும், மலைமேல் கடப்பாரையெடுத்துத் தாமே ஏரி வெட்டி நந்தவனம் போட்டார் என்பதும் வைஷ்ணவ குருபரம்பரை வழங்கும் செய்தி. இக்கதைகளில் என் மனத்தைத் தொடுவது பக்தி மட்டுமன்று. நந்தவனம் என்றால் தினந்தோறும் தண்ணீர் இறைக்கும் ஓர் ஆள் என்ற பழைய ஞானம் அவற்றில் இருக்கிறது.

வெளியுலகிலும் இதே ஞானத்தை வேறு வேறு மனிதர்கள் கண்டடைந்திருக்கிறார்கள். கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில், கிராமத்துப் பெண்களுக்குச் சிறு தொகை வழங்கப்பட்டது நட்ட கன்றுக்கன்று, பிழைத்த கன்றுக்கு. அவருக்கு 2004இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தபோது உலகம் மரங்களின் தொகையைப் புகழ்ந்தது. எனக்கோ அந்தச் சிறு தொகையின் நிபந்தனையே பெரிய விஷயமாகப் படுகிறது. கர்நாடகத்தில் சாலுமரத திம்மக்கா தம் கணவருடன் ஹுலிகல் கிராமத்துச் சாலையோரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆலங்கன்றுகளை வளர்த்தது, குடத்தில் தண்ணீர் சுமந்து சென்று ஊற்றியே. எழுத்தறியாத அந்த அம்மையாருக்கு 2019இல் பத்மஸ்ரீ அளித்தார்கள்.

எங்கள் நோட்டுக்குப் பரீட்சை 2016இன் முடிவில் வந்தது. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்தது. வழக்கமாகப் பெய்வதில் அறுபது சதவீதத்துக்கு மேல் குறைவு. பழைய கணக்குகளைப் புரட்டித் தேடும் அளவுக்கு அது கொடிய வறட்சி. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. எங்கள் மேட்டுப் பிரதேசத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. குடத்துக்கும் லாரிக்கும் சண்டை நடக்கும் காலத்தில், “மரத்துக்கு ஊத்தவா தண்ணி?” என்று யாரேனும் கேட்டால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

குடிநீரில் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று நாங்கள் சபதம் செய்துகொண்டோம். அரிசி கழுவிய நீர், காய்கறி அலசிய நீர், சுத்திகரிப்புக் கருவி வெளித்தள்ளும் நீர், குளிர்சாதனக் கருவியின் குழாயிலிருந்து சொட்டும் நீர், இவற்றையெல்லாம் வீட்டுக்காரர்கள் வாளிகளில் சேர்த்தார்கள். சுத்திகரிப்புக் கருவியின் கழிவு நீரில் உப்பு மிகுதி. ஆதலால் அதைத் தனியே கொடுக்காமல் அரிசி நீரோடு கலந்தே ஊற்றவேண்டும் என்று ஆசிரியை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். பெரியவர் குயவரிடமிருந்து பழுதான பானைகளை வாங்கிவந்து, அடியில் ஊசித்துளையிட்டு, துளையில் பஞ்சுத் திரியைச் செருகி, ஒவ்வொரு கன்றின் வேரோரத்திலும் கழுத்துவரை புதைத்தார். பானையை நிரப்பி ஓடு போட்டு மூடிவிட்டால், திரி வழியாகக் கசியும் ஈரம் வெயிலில் ஆவியாகாமல் வேருக்கே நேரே போய்ச் சேரும். நாலைந்து நாளைக்கு மறுபடி ஊற்ற வேண்டியதில்லை. பானை வாயைச் சுற்றி உலர்ந்த சருகையும் தேங்காய் மட்டையையும் பரப்பினோம். அந்தக் கோடையில் ஒருநாள் காலை பானையின் ஓட்டைத் தூக்கிப் பார்த்தபோது, உள்ளே இரண்டு விரற்கடை நீர் இருந்ததையும், மண்ணைச் சற்றே விலக்கியபோது புங்கனின் வெண்ணிற வேர்நுனிகள் பானையின் வயிற்றைச் சுற்றிக் கை கோத்துக்கொண்டிருந்ததையும் கண்டேன். அந்தத் தரையெங்கும் வெடிப்பு விட்டிருந்தது. பானையைச் சுற்றிய ஒரு சாண் வட்டத்தில் மட்டும் மண் கறுத்துக் குளிர்ந்திருந்தது.

நோட்டில் பெயர் எழுதியிருந்த மரங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வருஷத்தைக் கடந்தன. பூக்காரம்மாள் உடல்நலமின்றி ஊருக்குப் போய்விட்டபோது, ஆட்டோக்காரர்கள் தாமாகவே அந்தப் பூவரசையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுவருஷம் தண்ணீர் வேறு விதமாகச் சோதித்தது. 2018 ஆகஸ்டில் கர்நாடகத்து அணைகள் நிரம்பி, மேட்டூர் நிரம்பி, காவிரியும் கொள்ளிடமும் கரை புரண்டன. 1836இல் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையின் மதகுகளில் ஒன்பது ஆகஸ்டு 22ஆம் தேதி இரவு உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. வடக்கே அவ்வளவு வெள்ளம். தெற்கே எங்கள் மேட்டில் அப்போதும் பானைதான் துணை. வறட்சியும் வெள்ளமும் ஒரே ஊரின் இரு கோடிகளில் ஒரே மாதத்தில் இருக்கக்கூடும் என்பதை அப்போது அறிந்தேன்.

அதே வருஷம் நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளின் தென்னையையும் பலாவையும் லட்சக்கணக்கில் சாய்த்துவிட்டு, உள்நாட்டிலும் புகுந்து எங்கள் பக்கத்தையும் உலுக்கிற்று. கீரமங்கலத்தை அடுத்த சேந்தன்குடியில் தரிசைச் சோலையாக்கிய மரம் தங்கசாமி அவ்வருஷம் செப்டம்பரில்தான் காலமாகியிருந்தார். தாம் நேசித்த மண்ணின் மரங்களுக்கு நேர்ந்த கதியைக் காண அவர் இருக்கவில்லை என்பதை நினைத்து நாங்கள் ஆறுதல் கொள்வதா, துக்கப்படுவதா என்று தெரியவில்லை. விடிந்ததும் நாங்கள் தூறலில் நோட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ஒற்றை மயிற்கொன்றை அடியோடு முறிந்து கிடந்தது. சென்னையில் 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோதும், மேலோட்ட வேரும் எளிதில் முறியும் மரமுமுள்ள அயல்நாட்டு இனங்களே மிகுதியாக விழுந்தன என்று படித்திருந்தோம். எங்கள் வேம்புகளும் புங்கன்களும் கிளை இழந்தன, ஆனால் பெரும்பாலானவற்றின் தூர் அசையவில்லை. மூன்றடிக் குழிக்குப் பெரியவர் பிடித்த பிடிவாதத்தின் பொருள் அன்றுதான் எல்லோருக்கும் புரிந்தது.

இரண்டு மரங்கள் மட்டும் வேரோடு சாய்ந்திருந்தன. அவற்றுள் ஒன்று இஸ்திரி வண்டிக்காரரின் புங்கன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அந்த மரத்தின் பக்கத்தில் பேசாமல் நின்றார். பெரியவர் குனிந்து வேரைப் பார்த்து, “இன்னும் ஒரு பக்கம் வேர் அறலைண்ணே. நிமித்திடலாம்” என்றார். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிப் பாரத்தைக் குறைத்து, வெட்டுவாயில் சாணமும் செம்மண்ணும் குழைத்துப் பூசி, வேர்ப்பக்கத்துக் குழியை ஆழப்படுத்தி, பொக்லைன் வண்டியின் கரத்தில் சாக்குச் சுற்றிய கயிற்றைக் கட்டி, அங்குலம் அங்குலமாக அதை நிமிர்த்தினோம். மூன்று புறமும் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்தோம். அண்டை வீட்டார் அனைவரும் வாசலில் கூடி நின்றார்கள்; மரம் நேராக நின்றதும் ஒரு சிறுவன் கை தட்டினான், பிறகு எல்லோரும் தட்டினார்கள். தை மாதத்தில் வெட்டுவாய்க்குக் கீழே தளிர் விட்டது.

இப்போது நகரங்களில் மியாவாக்கி முறை பரவியிருக்கிறது. ஜப்பானியத் தாவரவியலறிஞர் அகிரா மியாவாக்கி வகுத்த அம்முறையில், சிறிய இடத்தில் பல இனக் கன்றுகளை நெருக்கமாக நட்டு, ஒன்றோடொன்று போட்டியிட்டு விரைந்து உயரச் செய்வார்கள். திருச்சி மாநகராட்சியும் சில இடங்களில் அவ்வாறு குறுங்காடுகள் அமைத்திருக்கிறது. பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் அது நல்ல புகலிடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலி போட்ட காட்டின் நிழலில் இஸ்திரி வண்டி நிற்க முடியாது; பள்ளி விட்டு வரும் குழந்தை அங்கே ஒதுங்க முடியாது. தெருவுக்குத் தெருமரம் வேண்டும். இரண்டும் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதன் கணக்கில் எழுதிக்கொள்வது மட்டும் கூடாது.

பெரியவர் இன்று இல்லை. அவர் வளைத்த கூண்டுகளில் பலவற்றை, மரம் பருத்துவிட்டபடியால், வெட்டியெடுத்துவிட்டோம். எடுத்த கம்பியிலேயே புதுக் கூண்டு செய்கிறோம். குழுவின் இப்போதைய வேலை வேறு வகையானது. தெருவோரத்தில் நடைபாதைக் கல் பதிப்பவர்கள் அடிமரத்தை ஒட்டியே சிமெண்டு பூசிவிடுகிறார்கள். மழை நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் வேர் மூச்சுத் திணறுகிறது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டு கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டில்லிக்கு இட்ட உத்தரவின் நகலை வைத்துக்கொண்டு, அந்தக் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, இப்போது அவளே ஓர் ஆசிரியை, வேலை நடக்கும் தெருவிலெல்லாம் போய் நின்று மேஸ்திரியிடம் பேசுகிறாள். “அண்ணே, ஒரு வட்டம் மட்டும் விட்டுடுங்க” என்று அவள் கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். முன்பே பூசிவிட்ட இடங்களில், அனுமதி கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் உளியும் சுத்தியும் கொண்டு நாங்களே பெயர்த்தெடுத்து, வட்டத்தில் செம்மண் நிரப்புகிறோம்.

நோட்டும் இப்போது அவளிடம்தான் இருக்கிறது. வரும் ஆடிக்கு நாவலும் இலுப்பையும் நடப் பூங்காவுக்குத் தெற்குத் தெருவில் இடம் பார்த்தாகிவிட்டது. அந்தத் தெருவில் புதிதாகத் தையற்கடை போட்டிருக்கும் தம்பதியும், பள்ளிவேன் ஓட்டும் ஒரு தம்பியும் சம்மதித்திருக்கிறார்கள். நான்கு இடங்களுக்குப் ‘பொறுப்பு’க் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அவற்றுக்கு ஆள் கேட்டு இந்த வாரம் வீடுவீடாகப் போகிறோம்.